கல் போர்த்திய களிமண்: ஜான் டே சரிவுகளில்

திங்கள் – பிரைன்வில்லில் இருந்து மிட்செல்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் என்றால் மழையும் பச்சைக் காடும் நினைவுக்கு வரும். அது கேஸ்கேட் மலைத்தொடருக்கு மேற்கே. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கினால் மழை மறைவு நாடு. ஜான் டே ஆற்றுப் படுகையின் தாழ்வான சரிவுகளில் ஆண்டுக்குக் கிடைப்பது சுமார் 25 முதல் 35 செ.மீ. அதிலும் பெரும்பகுதி குளிர்காலத்திலும் வசந்தத்திலும் விழுந்துவிடும். ஜூலை, ஆகஸ்ட் வறட்சிதான். இடையில் ஓரிரு இடிமழை கொட்டினால் அது பெரும்பாலும் ஓடையோடு போகும்.

பிரைன்வில்லில் டேங்கை நிரப்பிக்கொண்டு 26ஆம் நெடுஞ்சாலையில் ஓச்சோக்கோ கணவாய் வழியாக மிட்செல் ஏறத்தாழ 75 கி.மீ. கணவாயில் பாண்டரோசா பைன். இறங்க இறங்க மரம் குறைந்து ஸேஜ்பிரஷ் புதர், ஜூனிபர், கொத்துப்புல். இந்தப் புல் மூடிய செங்குத்துச் சரிவுகளைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். மேய்ச்சல் நிலம்; உழவு கிடையாது.

நிலத்தின் அடுக்கைத் தெரிந்துகொள்ளாமல் மண் புரியாது. அடியில் கிளார்னோ படிவுகள்: சுமார் 5.4 கோடி முதல் 4 கோடி ஆண்டுக்கு முந்தைய எரிமலைச் சேற்றோட்டங்களும் எரிமலைப் பாறைகளும். அதன் மேல் ஜான் டே படிவுகள்: காற்றில் வந்து இறங்கிய எரிமலைச் சாம்பல் சுமார் இரண்டு கோடி ஆண்டுகள் குவிந்து, மக்கிக் களியானது. எல்லாவற்றுக்கும் மேலே சுமார் 1.6 கோடி ஆண்டுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு இறுகிய பிக்சர் கார்ஜ் பசால்ட் பாறை. கடினமான பாறை மேலே, வழுக்கும் களி கீழே. இந்த ஒரு வரிசையே இங்குள்ள மண், ஊற்று, நிலச்சரிவு, வேலிக்கம்பம் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: கடப்பாரை, குட்டை மண்வெட்டி, 2 மி.மீ. சல்லடை, முனை வெட்டிய பிளாஸ்டிக் ஊசிக்குழல், 2 மி.மீ. தடிப்புள்ள வளையாத கம்பி, 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுப் புட்டியில், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர், சரிவுமானி. மண் துளைக்கும் ஆகரை நம்பி வராதீர்கள். இந்தச் சரிவில் கால் மீட்டருக்குள் கல்லில் முட்டி நின்றுவிடும்.

செவ்வாய் – பெயின்டட் ஹில்ஸ்

மிட்செல்லில் இருந்து வடமேற்கே சுமார் 15 கி.மீ. 1975இல் அறிவிக்கப்பட்ட ஜான் டே ஃபாசில் பெட்ஸ் தேசிய நினைவிடத்தின் மூன்று பகுதிகளில் ஒன்று. சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக வரி வரியாக நிற்கும் மொட்டைக் குன்றுகளைப் படம் எடுக்க எல்லோரும் வருகிறார்கள். மண் பார்க்க வருபவருக்கு இங்கே வேறொரு பயன் உண்டு: மேல் மூடி போய்விட்டால் இந்தக் களி எப்படி நடந்துகொள்ளும் என்பதை மறைப்பில்லாமல் காட்டும் இடம் இது.

சிவப்பு வரிகள் எல்லாம் பழைய மண்கள். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் கிரெகரி ரெட்டலாக் இவற்றை அடுக்கு அடுக்காக ஆராய்ந்தவர். வெப்பமும் ஈரமும் மிகுந்த காலத்தில் இரும்பு துருவேறிச் சிவந்தவை அடியில். காலநிலை குளிர்ந்து வறண்ட பிறகு உருவான மஞ்சள், பழுப்பு மண்கள் மேலே. கறுப்புப் புள்ளிகள் மாங்கனீசு. பழைய சிவப்பு அடுக்குகளில் கயோலினைட் களி கூடுதல். மேலே போகப் போக ஸ்மெக்டைட் ஆதிக்கம். மேய்ச்சல் சரிவுகளின் குணத்தை முடிவு செய்வது இந்த ஸ்மெக்டைட்தான்.

ஸ்மெக்டைட் களியின் தகடுகளுக்கு இடையே தண்ணீர் நுழையும். காய்ந்திருக்கும்போது ஒரு தகட்டில் இருந்து அடுத்த தகடு சுமார் 10 ஆங்ஸ்ட்ராம் (மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு ஒரு ஆங்ஸ்ட்ராம்) தூரம். நனைந்தால் 18, 20 வரை விரியும். கயோலினைட் இப்படி விரியாது. சத்துகளைப் பிடித்து வைக்கும் நேர்மின் அயனிப் பரிமாற்றத் திறனிலும் அதே வித்தியாசம்: தூய ஸ்மெக்டைட்டில் கிலோவுக்கு 80 முதல் 120 சென்டிமோல், கயோலினைட்டில் 3 முதல் 15. சத்துக்குக் குறைவில்லாத மண். தொல்லையெல்லாம் தண்ணீர் விஷயத்தில்.

பெயின்டட் கோவ் பாதையில் பலகை நடைமேடை போட்டிருக்கிறார்கள். அதில் நின்று குனிந்து பார்த்தால் போதும். மேற்பரப்பு முழுக்க விரல் நுனி அளவு உருண்டைகளாக உதிர்ந்து, பாப்கார்ன் கொட்டியதுபோல் கிடக்கும். நனைந்து வீங்கி, காய்ந்து சுருங்கி, மீண்டும் மீண்டும் நடந்ததால் வந்த உருவம். மழை பெய்யும்போது முதல் சில மில்லிமீட்டர் தண்ணீரிலேயே இந்த உருண்டைகள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; மேற்பரப்பு அடைத்துக்கொள்ளும். அதற்கு மேல் வரும் மழை எல்லாம் ஓட்டம்தான். மழை நின்றதும் சில சென்டிமீட்டர் கீழே தோண்ட முடிந்தால் மண் காய்ந்தே இருக்கும். விதை விழுந்தால் அடுத்த மழை கழுவிக்கொண்டு போகும். குன்று மொட்டையாக இருப்பதற்குக் காரணம் இதுவே. நஞ்சு ஒன்றும் இல்லை. ஓடைக்கீறல்களில் மட்டும் ஈரம் தங்குவதால் வசந்தத்தில் ஜான் டே கெனாக்டிஸ் மஞ்சளாகப் பூத்துக் கோடு போடும்.

மேற்பரப்பில் கால் வைக்கக் கூடாது. ஒரு காலடித் தடம் ஆண்டுக்கணக்கில் மறையாது. மண்ணோ கல்லோ எடுப்பதும் சட்டப்படி குற்றம். சோதனைக்கான மண்ணை நினைவிட எல்லைக்கு வெளியே, உரிமையாளர் அனுமதி உள்ள நிலத்தில் மட்டும் எடுங்கள்.

கேரல் ரிம் பாதை ஏறினால் மேலே தடித்த இக்னிம்பிரைட் (சூடான எரிமலைச் சாம்பல் இறுகிய பாறை) தொப்பி, சுமார் 2.87 கோடி ஆண்டு வயது. அந்தத் தொப்பி உடைந்து உருண்ட கற்கள் சரிவை எங்கே மூடியிருக்கின்றனவோ அங்கே புல் இருக்கிறது. மூடாத இடம் மொட்டை. நாளைக்குத் தோண்டப்போகும் குழிக்கு இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

புதன் – மிட்செல்லைச் சுற்றிய சரிவு, ஒரு குழி

மண் வரைபடத்தில் இந்தப் பகுதிச் சரிவுகள் பல, சிமாஸ், டப் என்ற இரண்டு மண் வகைகள் கலந்த அலகாக வரும். அமெரிக்க வேளாண் துறையின் இணைய மண் வரைபடமான வெப் சாயில் சர்வேயில் இடத்தை வட்டமிட்டால் கிடைக்கும். ஆனால் 1:24,000 அளவு வரைபடத்தில் இரண்டு ஹெக்டேருக்குக் குறைந்த எதையும் பிரித்துக் காட்ட முடியாது. இந்தச் சரிவிலோ இருபது அடிக்கு ஒருமுறை மண் மாறும். வரைபடம் எதிர்பார்ப்பைச் சொல்லும், அவ்வளவுதான்.

குழிக்கு இடம் தேர்வு: சரிவின் நடுப்பகுதி, ஜூனிபர் நிழலுக்கு வெளியே, கால்நடைத் தடத்தில் இருந்து தள்ளி. முதலில் சரிவை அளந்து எழுதுங்கள். மேய்ச்சல் கணக்கெல்லாம் சதவீதத்தில் இருக்கும், கைப்பேசிச் செயலிகள் பலவும் பாகையில் காட்டும். 30 சதவீதம் என்பது 17 பாகை. 60 சதவீதம் 31 பாகை. இந்தக் குழப்பத்தில் கணக்கு பாதியாகப் போனவர்கள் உண்டு.

அடுத்து மேற்பரப்புக் கல். ஒரு நாடாவை 15 மீட்டர் நீட்டி, 30 செ.மீ.க்கு ஒரு புள்ளியில் கல்லா, புல் அடியா, சருகா, வெறும் மண்ணா என்று குறித்தால் 50 புள்ளி கிடைக்கும். நல்ல நிலையில் உள்ள சரிவில் வெறும் மண் குறைவாகவே வரும். கல் மட்டும் மேலே எப்படிச் சேர்ந்தது? மேலிருந்து உருண்டு வந்தது பாதி. மீதி, களி வெடிக்கும்போது பொடிமண் வெடிப்புக்குள் விழ, விழ முடியாத கல் மேலேயே தங்கிவிடுகிறது. உறைபனியும் கல்லை மேலே தள்ளும்.

தோண்டும்போது கல்லை ஒரு பக்கம், மேல்மண்ணை ஒரு பக்கம், களியை ஒரு பக்கம் குவியுங்கள். மூடும்போது அதே வரிசையில் திரும்ப வேண்டும், கல் கடைசியில். களியை மேலே விட்டு மூடினால் அந்த வட்டம் பல ஆண்டு மொட்டையாகக் கிடக்கும்.

மேலே 10, 15 செ.மீ. கல் நிறைந்த, கருமை ஏறிய, களி கலந்த வண்டல். கையில் உதிரும். அதன் அடியில் சட்டென்று மாறும்: பழுப்புக் களி, காய்ந்தால் கடப்பாரை துள்ளும் கடினம், பட்டகம் பட்டகமாக உடையும். இன்னும் கீழே போனால் சாய்ந்த, மெருகேறிய, கோடு கீறிய முகங்கள். வீங்கும் களி ஒன்றின்மேல் ஒன்று அழுந்தி வழுக்கிய தடம் அது. வேர்கள் களிக்குள் நுழையாமல் பட்டகங்களின் இடுக்கில் தட்டையாக நசுங்கி இறங்கும். பல இடங்களில் அடியில் அமிலச் சொட்டு நுரைக்கும். குளிர்கால ஈரம் அதுவரைதான் சுண்ணாம்பைக் கொண்டு போயிருக்கிறது என்று பொருள். நுரை தொடங்கும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டிக் கரிசலைக் கையில் பிசைந்தவருக்கு இந்த ஒட்டல் புதிதாக இருக்காது, களி ஒரே குடும்பம். ஆனால் கரிசல் சமவெளியில் கிடக்கிறது. இது 40, 50 சதவீதச் சரிவில் நிற்கிறது. அதுதான் வித்தியாசம்.

கையால் செய்யும் சோதனைகள் நான்கு.

நாடா இழுத்தல்: கல்லைச் சலித்து, ஒரு கைப்பிடியை நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தள்ளவும். 2.5 செ.மீ.க்குள் அறுந்தால் களி குறைவு. 5 செ.மீ. தாண்டினால் களிமண். எரிமலைச் சாம்பல் வழி வந்த மண்ணில் ஒரு பொறி உண்டு. களித் துகள்கள் இறுகிய சிறு கட்டிகளாக இருந்து மணலைப்போல நெருடும். அரை நிமிடம் பிசைந்துவிட்டு மணல் கலந்தது என்று எழுதிவிடுவார்கள். இரண்டு மூன்று நிமிடம் விடாமல் பிசையுங்கள், நெருடல் கரைந்து நாடா நீளும்.

சுருக்கம்: களியைக் குழம்பாக்கி ஊசிக்குழலில் இருந்து 10 செ.மீ. நீளக் குச்சிகளாகப் பிழிந்து நிழலில் இரண்டு நாள் காயவைக்கவும். 9 செ.மீ. ஆகிவிட்டால், குறைந்த 1ஐ மீந்த 9ஆல் வகுக்க 0.11. 0.09க்கு மேல் வந்தால் மிகக் கடுமையாக வீங்கிச் சுருங்கும் மண். வெயிலில் காயவைத்தால் குச்சி வளைந்து அளவு பொய்க்கும். குறைந்தது மூன்று குச்சி வேண்டும்.

கரைதல்: பட்டாணி அளவு காய்ந்த கட்டியை டிஸ்டில்ட் வாட்டரில் மெதுவாக விட்டுத் தொடாமல் பத்து நிமிடம் பாருங்கள். உதிர்ந்து குவிந்தால் பரவாயில்லை. கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கல் பரவினால் சோடியம் கூடிய, தானே சிதறும் களி. அங்கே குட்டை வெட்டினாலோ பாதை போட்டாலோ அடியில் குழாய்போல் அரித்துக்கொண்டு போகும். கடைப் புட்டித் தண்ணீரைப் பயன்படுத்தாதீர்கள், அதிலுள்ள கால்சியம் கலங்கலைத் தடுத்துவிடும்.

வெடிப்பு: கோடைக் கடைசியில் கம்பியை இறக்கி அளக்கவும். 5 மி.மீ. அகல வெடிப்பு 30 செ.மீ. தடிப்புக்காவது ஊடுருவியிருந்தால் மண் வகைப்பாட்டில் வெர்டிக் (வீங்கிச் சுருங்கி வெடிக்கும் மண்) என்ற அடைமொழி கிடைக்கும். வெடிப்பு வளையும் இடத்தில் கம்பி நின்றுவிடும் என்பதால் உண்மை ஆழம் அளந்ததைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இந்த மண் எவ்வளவு தண்ணீர் தரும்? களி நிறையப் பிடிக்கும், கொடுக்க மனமில்லாமல். வடிந்தபின் கன அளவில் சுமார் 40 சதவீதம் ஈரம்; செடி வாடும் நிலையிலும் 26 சதவீதம் உள்ளேயே பூட்டியிருக்கும். எடுக்கக் கிடைப்பது 14. அரை மீட்டர் ஆழத்துக்கு 7 செ.மீ. அதில் 35 சதவீதம் கல் என்றால் மிஞ்சுவது நாலரை. மேலே கல்லும் புல்லும் இருக்கும்வரை குளிர்கால மழை மெதுவாக இறங்கி இந்த நாலரையை நிரப்பும். கல் வாரிய, புல் போன சரிவில் அதுவும் நிரம்பாது. கல்லைக் குறையாகப் பார்க்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். சுவர் கட்டவோ பாதை ஒதுக்கவோ சரிவுக் கல்லைப் பொறுக்குவது மோசமான வேலை.

வியாழன் – மழை

இரவில் பெய்தது. இன்று மண்சாலைகளில் போகக் கூடாது. அவ்வளவுதான் செய்தி. ஆனால் ஏன் என்று சொல்லிவிடலாம்.

காய்ந்த களிச்சாலை தார்ச்சாலைக்கு நிகர். ஐந்து மி.மீ. மழை போதும், மேல் இரண்டு விரற்கடை மட்டும் வெண்ணெய்ப் பதமாகி, அடியில் காய்ந்த தளத்தின்மேல் வழுக்கும். நான்கு சக்கர இயக்கம் உதவாது. டயர் வரிகளில் களி அடைத்துக்கொண்டால் நான்கு சக்கரமும் சேர்ந்தே வழுக்கும். பிறகு சக்கர வளைவுக்குள் அடைந்து சக்கரமே நிற்கும். காற்றும் வெயிலும் இருந்தால் ஒன்றிரண்டு நாளில் சாலை தேறும். அவசரப்பட்டு ஓட்டிய தடம் காய்ந்து கல்லாகி, அடுத்த மழையில் வாய்க்காலாகி, சரிவில் ஓடையாக வெட்டிக்கொண்டு இறங்கும்.

வெள்ளமும் இதே காரணத்தால்தான். வெடிப்புகள் திறந்திருக்கும்போது முதல் மழையை அப்படியே விழுங்கும். வெடிப்பு மூடியபின் மணிக்கு ஓரிரு மில்லிமீட்டர்கூட இறங்காது. மிட்செல் வழியாக ஓடும் பிரிட்ஜ் கிரீக் 1956 ஜூலையில் ஒரு கொட்டுமழையில் ஊரைச் சூறையாடியது. இடி கேட்டால் ஓடைப் படுகையில் முகாம் போடாதீர்கள்.

வெள்ளி – பிக்சர் கார்ஜ், ஷீப் ராக்

26ஆம் சாலையில் கிழக்கே போனால், 19ஆம் சாலை பிரியும் இடத்தில் பசால்ட் அடுக்குகளை ஆறு அறுத்த இடுக்கு. பாறை ஓவியங்களால் வந்த பெயர். வடக்கே திரும்பினால் ஷீப் ராக்: பச்சை சாம்பல் களிக்கல் மேட்டின் உச்சியில் பசால்ட் துண்டு ஒன்று தொப்பியாக. எதிரே தாமஸ் காண்டன் தொல்லுயிரியல் மையம், 1860களில் இந்தப் படிவுகளை உலகுக்குக் காட்டிய பாதிரியாரின் பெயரில்.

இங்கே பார்க்க வேண்டியது பள்ளத்தாக்கின் பக்கச் சரிவுகளை. பாறை விளிம்புக்குக் கீழே நிலம் படிப்படியாக, மேடும் குழியுமாக இறங்கும். சில மேடுகளில் பசால்ட் அடுக்கு மலையை நோக்கிச் சாய்ந்திருக்கும். முழுப் பாளமும் களியின்மேல் சுழன்று இறங்கியதற்கு அடையாளம் அது. பசால்ட்டின் வெடிப்பு வழியே இறங்கும் தண்ணீர் களியில் முட்டி நின்று, அந்த எல்லையிலேயே ஊற்றாகக் கசியும். எங்கே பச்சைக் கோடு தெரிகிறதோ அங்கே ஊற்று. எங்கே ஊற்றோ அங்கே சறுக்கல் முகமும் இருக்க வாய்ப்பு அதிகம். ஒருமுறை வழுக்கிய ஸ்மெக்டைட் தளத்தின் மிச்ச உராய்வுக் கோணம், அதாவது வழுக்காமல் தாங்கும் சரிவு, 10 பாகைக்கும் கீழே போகக்கூடியது. மென்மையாகத் தெரியும் சரிவும் நகரும் என்பது இதனால்.

மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி வைப்பவர்கள் ஊற்றுக்கண்ணிலேயே தொட்டி கட்டுவது வழக்கமான தவறு. வழிந்த நீர் சறுக்கல் தளத்தை நனைக்கும், மாடு மிதித்துச் சேறாக்கும். ஊற்றை வேலியிட்டு, குழாயில் பக்கத்துக் கல்மேட்டுக்குக் கொண்டுபோய், வழியும் நீரை மறுபடி குழாயிலேயே ஓடைக்கு இறக்க வேண்டும். குழாய் இணைப்புகளில் நெகிழ்வான துண்டு வைக்காவிட்டால் முதல் குளிர்காலத்திலேயே மண் இழுத்து விலகும்.

வேலியும் அப்படியே. வீங்கும் களி கம்பத்தை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளும். கல் இருக்கும் இடத்தில் கம்பம் இறங்கவே இறங்காது. கிழக்கு ஓரிகனில் இதற்குக் கண்ட வழி ராக் ஜாக்: மரச்சட்டங்களால் கூடு கட்டி, உள்ளே கல் நிரப்பி, தரையின் மேலேயே உட்கார வைப்பது. மண் வீங்கினால் கூடும் சேர்ந்து ஏறி இறங்கும். கம்பி தளராது.

சனி – மேய்ச்சல் சரிவு

சரிவில் எத்தனை மாடு விடலாம் என்பதற்கு வறண்ட மேற்கில் புழங்கும் கணக்கு ஒன்று உண்டு. 10 சதவீதச் சரிவு வரை முழுப் பரப்பையும் எண்ணலாம். 11 முதல் 30 வரை 30 சதவீதம் கழிக்கவும். 31 முதல் 60 வரை 60 சதவீதம் கழிக்கவும். அதற்கு மேல் மாடு ஏறாது என்றே வைத்துக்கொள்ளவும். 100 ஹெக்டேரில் 40, 40, 20 என்று இந்த மூன்று வகையும் இருந்தால் கணக்கில் வருவது 40, 28, 8. மொத்தம் 76. தண்ணீரில் இருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளிய இடத்தில் அதையும் பாதியாக்க வேண்டும். இதைச் செய்யாமல் வரைபடப் பரப்பை வைத்து மாடு விட்டால், மேல் சரிவு தொடப்படாமல் இருக்கும், அடிவாரமும் ஊற்றோரமும் தரையோடு போகும். சராசரி மட்டும் அழகாக வரும்.

காலமும் பார்க்க வேண்டும். வசந்த ஈரத்தில் குளம்பு பதியும் நிலையில் மாட்டை ஏற்றினால் களி இறுகி, மேல் கல் உள்ளே அழுந்தி, குறுக்குத் தடங்கள் படிக்கட்டாக வெட்டிக்கொள்ளும். குளம்புத் தடத்தில் தண்ணீர் தேங்கி நின்றால் மாட்டை ஏற்ற இன்னும் நாள் வரவில்லை என்று பொருள்.

நல்ல சரிவின் அடையாளம், தெற்கு முகத்தில் புளூபஞ்ச் வீட்கிராஸ், வடக்கு முகத்தில் ஐடஹோ ஃபெஸ்க்யூ என்ற கொத்துப்புற்கள், கொத்துக்குக் கொத்து இடைவெளியில் கல்லும் பாசியும். புளூபஞ்ச் கதிர் பொதி தள்ளும் நேரத்தில், பெரும்பாலும் மே கடைசி முதல் ஜூன் வரை, கடிபட்டால் தேற ஆண்டுகள் ஆகும்; வளர்முனை அப்போது மேலே ஏறியிருக்கும்.

கொத்துப்புல் போன களியில் முதலில் குடியேறுவது மெடூசாஹெட். மத்தியதரைக் கடல் பக்கத்து ஓராண்டுப் புல். 1880களில் இதே ஓரிகனின் ரோஸ்பர்க் அருகே அமெரிக்காவில் முதலில் பதிவானது. களிமண்ணைக் குறிவைத்து வருவதற்குக் காரணம் உண்டு. மற்ற ஓராண்டுப் புல் காய்ந்த பிறகும் களியில் கொஞ்சம் ஈரம் மிஞ்சும். இது தாமதமாக முதிர்வதால் அந்த மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். தண்டில் சிலிக்கா மிகுதி. மாடு தொடாது, மக்கவும் மக்காது. பழைய வைக்கோல் மெத்தையாகப் படிந்து, தன் விதையை மட்டும் முளைக்கவிட்டுப் பிறவற்றை அடக்கும்.

ஒழிக்கும் வரிசை முக்கியம். களைக்கொல்லியான இமாசாபிக்கை மெத்தையின் மேல் தெளித்தால் மருந்து சருகிலேயே ஒட்டி நின்றுவிடும், மண்ணுக்கு வராது. முதலில் கட்டுப்படுத்திய தீயில் மெத்தையை எரித்து, இலையுதிர் காலத்தில் முளைப்புக்கு முன் மருந்து, அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் கொத்துப்புல் விதைப்பு. அளவு லேபிளில் உள்ளபடி, அனுமதி உள்ளவர் கையால். விதை மண்ணில் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுக்கு மேல் உயிரோடிருக்காது. அத்தனை ஆண்டும் விடாமல் கதிர் கட்டாமல் தடுத்தால்தான் பயன். ஆட்டை விட்டு மேய்க்கலாம் என்பவர்கள் உண்டு. கதிர் வெளிவரும் முன் ஒரு குறுகிய இடைவெளியில் அது வேலை செய்யும். ஆனால் அதே நாட்களில்தான் புளூபஞ்சும் பலவீனமாக இருக்கிறது. முழுக்க மெடூசாஹெட் ஆகிவிட்ட நிலத்துக்கு அது சரி. பாதிக்கு மேல் நல்ல புல் இருக்கும் சரிவில் கூடவே கூடாது என்பது எங்கள் கருத்து.

ஜூனிபர் பற்றியும் ஒரு வார்த்தை. தீ அடக்கப்பட்டதிலும் பழைய அளவுமீறிய மேய்ச்சலிலும் பரவியது. பிரைன்வில்லுக்குத் தென்கிழக்கே கேம்ப் கிரீக்கில், அருகருகே உள்ள இரண்டு நீர்ப்பிடிப்புகளை 1990களில் இருந்து அளந்து, 2005-06இல் ஒன்றில் மட்டும் ஜூனிபரை வெட்டினார்கள். வெட்டிய பக்கத்தில் ஊற்று ஓட்டமும் மண் ஈரமும் கூடின. ஆனால் களிச்சரிவில் வெட்டும் முன் கீழே என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள். மரத்தடியில் மெடூசாஹெட் மட்டும் இருந்தால், வெட்டியதும் விடுபட்ட ஈரம் அதற்கே போகும். வெட்டிய கிளைகளை வெறும் மண்மேல் சரிவுக்குக் குறுக்கே பரப்புங்கள், ஓடும் மண் அதில் தங்கும்.

ஞாயிறு – கிளார்னோ

ஃபாசில் ஊரில் இருந்து 218ஆம் சாலையில் மேற்கே சுமார் 30 கி.மீ. பாலிசேட்ஸ் எனப்படும் செங்குத்து மதில்கள், சுமார் 4.4 கோடி ஆண்டுக்கு முந்தைய எரிமலைச் சேற்றோட்டங்கள் இறுகியவை. மதிலின் அடியில் மண் கரடுமுரடு, கல் மிகுதி, களி குறைவு. கொஞ்சம் தள்ளி, களிக்கல் வெளிப்படும் இடத்தில் மறுபடி அதே ஒட்டல், அதே வெடிப்பு. நூறு அடிக்குள் இரண்டு மண். இரண்டிலும் நாடா இழுத்துப் பார்ப்பதென்றால் நினைவிட எல்லைக்கு வெளியே.

கிளம்பும் முன் ஒரு வேலை பாக்கி. மெடூசாஹெட் விதையின் வால் சொரசொரப்பானது. காலுறை, ஷூ நாடா, டயர் களி எல்லாவற்றிலும் ஒட்டும். கம்பித் தூரிகையால் ஷூ அடியைச் சுரண்டி, காலுறையைப் பையில் போட்டுக் கட்டி, சக்கர வளைவுக் களியைக் காய்ந்த பிறகு தட்டி, புல் ஏற்கெனவே இருக்கும் அதே இடத்திலேயே விட்டுவிட்டு வண்டியை எடுங்கள். ஓச்சோக்கோவின் மறுபக்கச் சரிவுகளில் எல்லா இடத்துக்கும் அது இன்னும் போய்ச் சேரவில்லை.